கோடித்திடல் தீயும் பன்னிரண்டாவது புகழுரையும்

உலகத்தில் தீ விபத்துகளுக்குப் பஞ்சமில்லை. காடு எரிந்திருக்கிறது, கப்பல் எரிந்திருக்கிறது, கச்சேரிப் பந்தல்கூட எரிந்திருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு அடங்கி, ஆவணங்களை மதித்து, அளவுக்கல்லைக் கண்டதும் கைகட்டி நின்ற தீ என்று வரலாற்றில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது 1973 சித்திரையில் கோடித்திடலில் எரிந்தது. அந்தத் தீயை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் அதை வாழ்த்தி எழுதும் பேறு எனக்குத்தான் வாய்த்தது.

என் பெயர் சிங்கராயர். தஞ்சாவூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அது வயிற்றுக்கு. வரவேற்பிதழ் எழுதுவது உயிருக்கு. மஞ்சள் தாளில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் ராகத்தோடு வாசித்து, வந்தவர் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்களே, அந்த இதழ். இருபத்திரண்டு ஆண்டுகளில் மூன்று அமைச்சர்களையும், பதினேழு மதகுகளையும், ஒரு பொதுக் கழிப்பிடத்தையும் வாழ்த்தியிருக்கிறேன். ஆட்சி மாறியபோது என் தொழிலில் பலர் தடுமாறிப் போனார்கள். நான் 'ஸ்ரீமான்' என்று இருந்த இடத்தில் 'திருவாளர்' என்று திருத்தினேன். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கோடித்திடல் அதிராம்பட்டினத்தைத் தாண்டிக் கடற்கரையோரம் இருக்கிறது. அங்கே 'இன்பச் சோலை' என்ற விடுமுறைத் தலத்தை நிறுவியவர் பண்ணை ரெத்தினம். நில உச்சவரம்பு வருகிறது என்று மிராசுதார்கள் எல்லாரும் கொழுந்தியாள் பெயரிலும் சமையற்காரர் பெயரிலும் நிலத்தை எழுதி வைத்துக்கொண்டிருந்த காலம் அது. ரெத்தினம் மட்டும் பொதுமக்களின் ஓய்வைப் பற்றிச் சிந்தித்தார். தம் நிலத்தைத் தோப்பாக்கி, தோப்புக்குள் நாலு குடில் கட்டி, சேரன், சோழன், பாண்டியன், பல்லவன் என்று பெயர் வைத்தார். சோழன் குடிலில் மட்டும் குழாயில் தண்ணீர் வராது. கேட்டால், "காவேரியே வரலை, சோழன் என்னங்க பண்ணுவான்?" என்பார்.

குடில்களுக்கும் கடலுக்கும் நடுவே பத்து ஏக்கர் சவுக்குத் தோப்பு. அது சர்க்கார் புறம்போக்கு. ரெத்தினம் அதைத் தம்முடையதாக நினைத்துப் பராமரித்துவந்தார். அந்தப் புறம்போக்கின் ஓரத்தில் நாலு கீற்று வீடுகளும் ஏழு பனைமரங்களும் இருந்தன. இவை சில்லறைச் சங்கதிகள் என்று அப்போது நினைத்தேன்.

சித்திரை வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தோப்பில் தீ பிடித்தது. சவுக்கு எரிந்தது. நாலு வீடும் எரிந்தன. ஏழு பனையும் கருகின. கடற்காற்று குடில்களைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. என்றாலும் தீ, புறம்போக்கு முடிந்து ரெத்தினத்தின் பட்டா நிலம் தொடங்குகிற அளவுக்கல் வரைக்கும் வந்தது, நின்றது, அணைந்தது. நாலு குடிலில் ஒன்றின் ஓலைகூடக் கருகவில்லை. சர்வேயர்களே அந்தக் கல்லைக் கண்டுபிடிக்க அரை நாள் தேடுவார்கள். தீ ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டது.

அடுத்த தை மாதம், பொங்கல் கழிந்து ரெத்தினம் தஞ்சாவூருக்கு என் வீடு தேடி வந்தார். 'கோடித்திடல் மறுமலர்ச்சி விழா' எடுக்கிறாராம். தீயில் நொந்த சுற்றுலாத் தலத்துக்கு ஆறுதல் சொல்ல எங்கள் 'அலுவலர் மனமகிழ் மன்ற'த்தார் ஐம்பது பேர் இரண்டாம் சனிக்கிழமை பேருந்தில் வர வேண்டும். அன்றைக்கே தாசில்தார் ஜெக்கரியாவும் பார்வையிட வருகிறார். எரிந்த பத்து ஏக்கரையும் தாம் ஏற்கெனவே உயிர்ப்பித்துவிட்டதால், அதைத் தமக்கே நீண்டகாலக் குத்தகைக்கு விட வேண்டும் என்று ரெத்தினம் மனுப் போட்டிருந்தார். தோப்பு துளிர்த்திருப்பதைத் தாசில்தார் பார்த்துவிட்டால் காரியம் முடிந்தது.

"தாசில்தாருக்குத்தான் வரவேற்பிதழ். ஆனா என்னப் பத்தியும் நாலு வார்த்த வரணும்" என்றார் ரெத்தினம்.

"அந்த மரபு எனக்குத் தெரியாதா?" என்றேன்.

விஷயம் திரட்டுவதற்காக வெள்ளிக்கிழமையே கோடித்திடலுக்குப் போய் இறங்கினேன். மறுமலர்ச்சி மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு ஆறு ஆட்கள் தோப்புக்குள் வரிசையாகப் போனார்கள். சுவருக்குப் பூசுகிற பச்சை டிஸ்டெம்பரைத் தண்ணீரில் கரைத்து, கரிக்கட்டையாக நின்ற சவுக்கு மரங்களின் மீது அடித்தார்கள். ஒரு வரிசை முடிந்ததும் அது துளிர்த்துவிட்டது. இயற்கை மூன்று வருஷத்தில் செய்கிற வேலையை ஆறு ஆட்கள் மூன்று நாளில் செய்ததைப் பார்த்து எனக்கு மெய்சிலிர்த்தது. பசுமைப் புரட்சி என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

கிராமக் கணக்குப்பிள்ளை வேம்பு, குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

"ஓய், கீழ்க்கிளைய விட்டுட்டியே. அது மட்டும் என்ன துக்கம் காக்குதா? அதுக்கும் அடி" என்று ஓர் ஆளை அதட்டினார்.

தோப்பின் ஓரத்தில் ஏழாவது ஆள் ஒருவன் நின்றான். அவன் தெளிப்பானில் பச்சை இல்லை, கரி கரைத்த கறுப்புத் தண்ணீர். கருகிப்போயிருந்த பனைகளில் உச்சியில் புதிதாகக் குருத்து விட்டிருந்தது. அவன் ஏணி வைத்து ஏறி அந்தக் குருத்துகளின் மேல் கறுப்பை அடித்துக்கொண்டிருந்தான்.

"இது என்ன?" என்று வேம்புவைக் கேட்டேன்.

"அதுவா? இந்தப் பனை ஏழுக்கும் மரப்பட்டா இருக்கு. நெலம் சர்க்காருது, மரத்துப் பலன் பட்டாதாருது. காளியம்மான்னு ஒருத்தி, அவ அப்பன் காலத்துலேருந்து வச்சிருக்கா. மரம் உசுரோட நிக்கிற வரைக்கும் அந்த எடத்துலேருந்து அவளை அசைக்க முடியாது. மரம் பட்டுப்போச்சுன்னா பட்டாவும் போச்சு. போன மாசமே பட்டுப்போச்சுன்னு மகஜர் எழுதித் தாலுகாவுக்கு அனுப்பிட்டேன். அப்புறம் பாத்தா இந்தச் சனியன் குருத்து விடுது. நான் எழுதுனது பொய்யாப் போயிடக் கூடாது பாருங்க."

செத்த மரத்துக்குப் பச்சை, உயிருள்ள மரத்துக்குக் கறுப்பு. நிறத்தில்கூட ஒரு சமநிலை. என் குறிப்பேட்டில் 'இரு வண்ணப் புனரமைப்பு' என்று எழுதிக்கொண்டேன்.

பனையடியில் ஒரு ஓலைச் சார்ப்பு. அதன் முன்னால் ஒரு பெண் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள்தான் காளியம்மாள். எரிந்த நாலு வீட்டில் ஒன்று அவளுடையது. மற்ற மூன்று குடும்பமும் பட்டுக்கோட்டைக்குக் கயிறு திரிக்கப் போய்விட்டன. இவள் பண்ணையில் நடவுக்குப் போய்க்கொண்டு இங்கேயே கிடந்தாள்.

"நீயும் போயிருக்கலாமே அம்மா?" என்றேன். ஒரு பார்வையாளன் கேட்க வேண்டிய கேள்வி.

"போனா இந்த எடம் யாருதுங்க? அவுங்க மூணு பேரும் சொல்லிட்டுப் போயிருக்காங்க, நீ பனையப் பாத்துக்க, நாங்க திரும்பி வாரோம்னு. இந்த ஏழும் நிக்கிற வரைக்கும் நாலு வீடும் நின்னாப்லதான்." அவள் எழுந்து மிகக் குட்டையான பனையின் உச்சியைக் காட்டினாள். "அங்க பாருங்கய்யா. முந்தாநாளு கரி அடிச்சானுவ. அடிச்ச கரி மேல ஏறிப் போச்சு. கீழேருந்து நாலு வெரக்கட அளவு புதுசா வந்துருக்கு. வளர்றத எப்புடிங்க கரி பூசி நிறுத்துறது?"

பார்த்தேன். கறுப்புக்குக் கீழே வெளிறிய பச்சை தெளிவாகத் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதை வாழ்த்தும்படி யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

"நீங்க நாளைக்கு என்னங்க படிக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

"வரவேற்பிதழ். நடந்த நல்லதையெல்லாம் சொல்வேன்."

"எல்லாத்தையும் சொல்லிப்புடுவீங்களா?"

"ஒன்று விடாமல்" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

சாயங்காலம் பல்லவன் குடிலில் உட்கார்ந்து இதழை எழுதி முடித்தேன். பொதுவாக இப்படிப்பட்ட இதழில் ஒரு பத்தியில் 'ஒன்றுகூட' என்று ஒரு வரி வர வேண்டும். மதகு இதழில் 'ஒரு சொட்டுகூட வீணாகவில்லை' என்று எழுதினேன். கழிப்பிட இதழில் எழுதியதை இங்கே சொல்ல வேண்டாம். இங்கே 'தீ தீண்டிய மரங்களில் ஒன்றுகூட மடியவில்லை. நின்றவை அனைத்தும் உயிர்த்தெழுந்தன' என்று போட்டேன். வாயில் வைத்துப் பார்த்தால் தேன்.

ரெத்தினம் இதழை வாங்கினார். வாசிக்கவில்லை. விரல் வைத்து வரிக்கு வரி தம் பெயரை மட்டும் எண்ணினார்.

"பதினொண்ணு இருக்கு" என்றார் வாடிய முகத்தோடு. "மேலத்தெரு மிராசுதார் மக கல்யாணத்து வாழ்த்துமடல்ல அவரு பேரு பதினோரு எடத்துல வந்துச்சு. எனக்குப் பன்னண்டு வேணும் சார்."

"இன்னும் ஒரு பெருமை வேண்டும். தீ எரிந்த அன்று நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"அன்னிக்கு நான் திருச்சியில இருந்தேன். அம்பது பேரு பாத்துருக்காங்க."

"அது போதாது. இதழுக்கு வீரம் வேண்டும். அதற்கு முந்தின நாள்?"

ரெத்தினம் யோசித்தார். பன்னிரண்டு என்ற எண் அவர் கண்ணில் மின்னியது. "முந்தின நாளு எனக்கு ஓயாத வேலைங்க. இருவது ஆள வச்சு, எல்லைக் கல்லு ஓரமா அகழி வெட்டி மண்ண வாரிப் போட்டேன். குடில்லேருந்த மெத்தை, ரேடியோ, மின்விசிறி எல்லாத்தையும் வண்டியில ஏத்தி ஊருக்குள்ள அனுப்பிச்சேன்."

"ஆகா! முந்தின நாளேவா?"

"ஒரு தொலைநோக்குதான்" என்றார் அடக்கமாக.

நான் உணர்ச்சிவசப்பட்டு அதை அப்படியே எழுதினேன். பன்னிரண்டு ஆயிற்று. அடியில் விழாக் குழுத் தலைவர் என்று ரெத்தினமும், செயலாளர் என்று வேம்புவும் கையெழுத்துப் போட்டார்கள். அச்சுக்கு நேரமில்லாததால் என் முத்தான கையெழுத்திலேயே எழுதிக் கண்ணாடி போட்டோம்.

சனிக்கிழமை காலை மன்றத்தார் வந்து இறங்கினார்கள். தோப்பைப் பார்த்ததும் ஐம்பது வாயும் பிளந்தன. எங்கள் மன்றத் தலைவர் கண்கலங்கி, "இயற்கை அன்னையே!" என்று ஒரு சவுக்கு மரத்தைக் கட்டித் தழுவினார். விலகும்போது மேல்சட்டை, வேட்டி, மூக்கு எல்லாம் பச்சை. அன்னை அவரை அப்படி ஆசீர்வதித்திருந்தாள். அவரைப் பார்த்து மற்றவர்களும் தழுவினார்கள். சிறிது நேரத்தில் மன்றமே துளிர்த்துவிட்டது.

தலைவரின் மனைவி நீலாம்பாள் மட்டும் தள்ளி நின்று மூக்கைச் சுளித்தார். எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்கிற வியாதி அந்த அம்மாளுக்கு. "ஏங்க, சவுக்கு மரத்துல சுண்ணாம்பு வாசன வருதே?"

"அது கடல் காத்தும்மா" என்றார் ரெத்தினம். "உடம்புக்கு நல்லது. இழுத்து விடுங்க."

பத்து மணிக்குத் தாசில்தார் ஜெக்கரியாவின் ஜீப் வந்தது. ஒல்லியான, சிரிக்காத மனிதர். ரெத்தினம் கைகூப்பித் தோப்பைக் காட்டினார். தாசில்தார் தோப்புப் பக்கம் திரும்பவே இல்லை. "எழுத்துல என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டார். மரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக, மரத்தைப் பற்றிய காகிதத்தை மட்டுமே பார்க்கிற நிர்வாகி. தாலுகாவே அவரை மெச்சும்.

"எழுத்தா? இதோ!" என்று ரெத்தினம் என்னை மேடை ஏற்றினார்.

வாசித்தேன். ஆனந்த பைரவியில் தொடங்கி மோகனத்துக்குப் போனேன். ஒவ்வொரு தடவை தம் பெயர் வரும்போதும் ரெத்தினம் விரல் மடக்கினார். 'ஒன்றுகூட மடியவில்லை' என்ற வரிக்குக் கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. முடித்து, இதழைத் தாசில்தாரிடம் கொடுத்தேன். படம் எடுத்தார்கள்.

அவர் அதைப் பையில் போடவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து வாசித்தார். ஒரு வரவேற்பிதழை, அதைப் பெற்றவரே வாசித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "ஐயா, எனக்கு ஒரு வெவரம் சொல்லுங்க."

காளியம்மாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மரம் ஒண்ணுகூடச் சாகலன்னு படிச்சாங்கள்ல, அதுல என் ஏழு பனையும் சேத்திதானுங்களே?"

"ஏய், விழா நடக்குதுல்ல, போ அந்தாண்ட!" என்றார் ரெத்தினம்.

தாசில்தார் தம் கோப்பிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்தார். "கணக்குப்பிள்ளை, உங்க மகஜர்ல ஏழு பனையும் பட்டுப்போச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருக்கீங்க. இதுல ஒரு மரமும் சாகலைன்னு கையெழுத்துப் போட்டுருக்கீங்க. எது உங்க கையெழுத்து?"

"ரெண்டும் என்னுதுதாங்க" என்றார் வேம்பு வேர்த்துப்போய். "அது பதிவுக்குப் போட்டது. இது விழாவுக்குப் போட்டது."

"நான் விழாவுக்கு வரலை, பதிவுக்கு வந்துருக்கேன். ரெத்தினம், நீங்க சொல்லுங்க. இந்த இதழ் பொய்யா, நிஜமா? பொய்யின்னா சவுக்கும் செத்துப்போச்சு, உங்க மனு தள்ளுபடி. நிஜம்னா பனையும் உயிரோட இருக்கு, அந்தம்மா பட்டா நிக்கும்."

ரெத்தினம் இதழைப் பார்த்தார். பன்னிரண்டு தடவை அவர் பெயர். பன்னிரண்டையும் பொய் என்று தம் வாயாலேயே சொல்வதா? அதுவும் மேலத்தெரு மிராசுதாரின் மருமகன் நாலாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது? பனை போனால் போகட்டும், பத்து ஏக்கரில் ஓர் ஓரம்தானே என்று அவர் மனது கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது.

"நெசந்தாங்க" என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "வரிக்கு வரி நெசம்."

"வரிக்கு வரின்னு எழுதிக்கங்க" என்றார் தாசில்தார் தம் எழுத்தரிடம்.

"ரொம்ப நல்லதுங்க" என்றாள் காளியம்மாள். "அப்ப அந்தக் கடேசி வரிய இன்னொருக்கா படிக்கச் சொல்லுங்க. அகழி வெட்டுன வரி. அது எனக்குச் சரியா வெளங்கல."

ஒரு கலைஞனிடம் 'இன்னொருக்கா' என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? கண்ணை மூடிக்கொண்டு, முன்னைவிட உருக்கமாகப் பாடினேன்:

"தீ மூள்வதற்கு முந்தைய நாளே, இருபது ஆள் கொண்டு எல்லையோரம் அகழி வெட்டி, மெத்தையும் வானொலியும் விசிறியும் வண்டியேற்றிக் காத்த தொலைநோக்குச் செம்மல், திருவாளர் ரெத்தினம் அவர்களே!"

கைத்தட்டலுக்காகக் கண்ணைத் திறந்தேன். யாரும் தட்டவில்லை.

நீலாம்பாள்தான் பேசினார். "ஏங்க, தீ வெள்ளிக்கிழமதானே பிடிச்சுது? இவரு வியாழக்கிழமையே எதுக்கு மெத்தையத் தூக்கினாரு?"

பன்னிரண்டாவது தடவைக்காக ரெத்தினம் மடக்கிய விரல் அப்படியே நின்றது. வேம்பு குடையை விரித்து அதற்குள் போய்விட்டார், வெயில் இல்லாதபோதே. தாசில்தார் கண்ணாடிச் சட்டத்தை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி ஜீப்பில் வைத்தார். பிறகு முதல்முறையாகத் தோப்புப் பக்கம் திரும்பி, ஒரு சவுக்கு மரத்தைச் சுண்டுவிரலால் தொட்டு, விரலைப் பார்த்து, "ரெத்தினம், நீங்களும் வண்டியில ஏறுங்க" என்றார்.

விழா அத்தோடு முடிந்தது. கேசரி மட்டும் மிஞ்சியது. பச்சை மனிதர்கள் ஐம்பது பேர் பேருந்தில் ஏறினோம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். இதழில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. எதுகை, மோனை, தகவல் எல்லாம் பத்திரம்.

காளியம்மாள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"ஐயா, எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொல்லுவேன்னீங்க. மரத்தச் சொன்னீங்க, மெத்தையச் சொன்னீங்க, மின்விசிறியச் சொன்னீங்க. எங்க வீடு நாலு எரிஞ்சுச்சே, அது எங்க?"

என் நகலை எடுத்துத் தேடினேன். நாலு பத்தி, அறுபத்திரண்டு அடைமொழி. வீடு இல்லை. அவமானமாக இருந்தது என்பதை இங்கே அடைமொழி இல்லாமலே சொல்லிவிடுகிறேன்.

"விசாரணைன்னு வந்தா இங்க வீடே இல்லன்னுதான் மொதல்ல சொல்லுவானுவ" என்றாள். "அதுனால எங்களுக்கும் ஒரு காயிதம் எழுதிக் குடுங்க. பொகழ வேணாம். இருந்துச்சுன்னு எழுதுங்க, போதும்."

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பி உறுமவிட்டார். பேனாவை எடுத்தேன். கை பழக்கத்தில் 'எழில்மிகு' என்று தொடங்கியது. அடித்தேன். 'இங்கே நான்கு வீடுகள் இருந்தன. 1973 சித்திரையில் அவை எரிக்கப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகளில், அலுவலகத்துக்கு வெளியே நான் எழுதி என் பெயரைப் போட்ட முதல் தாள் அது. வரவேற்பிதழில் எழுதியவன் பெயர் வராது.

படித்துக் காட்டச் சொன்னாள். ராகம் இல்லாமல் படித்தேன். கேட்டுவிட்டு, தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எரிச்சது யாருன்னு எழுதலியேங்க?"

"அதற்கு வேறு தாள் எதற்கு அம்மா?" என்றேன். "பன்னிரண்டு இடத்தில் எழுதி, அவர் கையெழுத்தையே வாங்கி, கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்கிறேனே."